பாதை நின்ற நாற்பது நிமிடம்

மண்டூர்த் துறையில் ஏறி
குருமண்வெளிக்குப் பாதி தூரத்தில்
இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.
இந்தப் பக்கம் படகையே பாதை என்பார்கள்.
ஆகவே நின்றது பாதைதான், நாங்கள் இல்லை.
ஆற்றுவாழைக் கூட்டத்தோடு சேர்ந்து
மெல்ல வடக்கே போய்க்கொண்டிருந்தோம்.

ஒன்பது மோட்டார் சைக்கிள், பதினேழு பேர், ஒரு கிடாய்.
என் பக்கத்தில் மட்டும் இடம் காலி.
கிழமைக்குக் கிழமை லோன் கட்டு எடுக்க வருகிறவளின்
தோளை யாரும் உரசுவதில்லை.

தொடங்கிவைத்தவள் மீன்காரி சவுந்தரி.
சும்மா இருக்க ஏலாமல்
பெட்டிக்குள் கைவிட்டு ஒரு மணலையைத் தூக்கி
“முந்நூற்றிப் பத்து” என்றாள்.
பழைய இரும்பு வாங்கும் உதுமாலெவ்வை
தன் தராசைப் பலகையில் வைத்தார்.
முந்நூற்றிப் பன்னிரண்டு.
“ரெண்டு கிராம் ஈரம்” என்றாள் அவள்,
கையைச் சீலையில் துடைத்தபடி.

அதற்குப் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை.

கெம்பசுக்குப் போகிற ஜதுர்ஷன்
ஆறு நிறக் கட்டையை ஒருதரம் பார்த்தான்,
முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.
கொக்கு ஒன்று கண்ணாமரத்தை விட்டெழும்பி
அடுத்ததில் போய்க் குந்துவதற்குள்
ஆறு பக்கமும் சரியாகி முன்னால் வந்தது.
ஒரு சின்னப் பொடியன் நாக்கால் மூக்கைத் தொட்டான்.
அதற்கும் கைதட்டினோம்.
யோகநாயகி தன் மூத்தவனை முன்னால் தள்ளி
“இவன் இந்தப் பாதையிலதான் பிறந்தவன்” என்றாள்.
எந்தக் கரை என்று கேட்டாராம் பதிவுகாரர்.
நடு ஆறு என்றாளாம்.
அப்படியொரு ஊர் புத்தகத்தில் இல்லையாம்.

பூபாலப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன
மண்ணிற உறையைப் பிரித்து
எக்ஸ்ரே படத்தை வெயிலுக்குப் பிடித்தார்.
விலா எலும்புகளுக்கு ஊடாக
ஆறு தெரிந்தது, அக்கரைத் தென்னைகள் தெரிந்தன,
இதயத்துக்கு ஒரு விரல் தள்ளி
நெல்மணி அளவில் ஒரு வெள்ளை.
“முப்பத்திரண்டு வருசம்” என்றார்.
“டொக்டர் சொன்னார், அது அங்கயே இருக்கட்டுமாம்.”
கிடாய்கூட அப்போது கத்தவில்லை.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் என்னத்தைக் காட்ட?
எனக்கு நீந்தவும் தெரியாது.
“நூற்றிப் பன்னிரண்டு பேரின்ர
ஐடென்டிட்டி நம்பர் பாடம்” என்றேன்.
சொன்னதும் வாயைக் கடித்துக்கொண்டேன்.
“அப்ப என்ர?”
இது நேசம்மா.
மூன்று செவ்வாயாக என்னைக் கண்டு
கோழிக்கூட்டுக்குப் பின்னால் பதுங்குகிற நேசம்மா.

“ஏழு, எட்டு, ஐந்து, ஒன்று, ஐந்து...”
மிச்ச நாலையும் விழுங்கிவிட்டேன்.
கிடாய்க்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.
“முதல் ரெண்டும் பிறந்த வருசம்.
மற்ற மூண்டும் வருசத்தில எத்தனையாம் நாள் எண்டது.
நீங்க தை பதினஞ்சு.”
“பிறகென்னத்துக்கு அதில ஐந்நூற்றிப் பதினஞ்சு?”
“பொம்பிளைகளுக்கு ஐந்நூறைக் கூட்டித்தான் போடுவாங்க அக்கா.”

நேசம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.
“அப்ப பிறக்கக்குள்ளயே
எங்கட கணக்கில ஐந்நூறு ஏத்திட்டாங்களோ!”

சவுந்தரி சிரித்த சிரிப்பில் பாதை ஆடியது.
பெண்கள் அட்டைகளை எடுத்து
ஒருவருக்கொருவர் கழித்துப் பார்த்தார்கள்.
உதுமாலெவ்வை தன்னுடையதில் தேடிவிட்டு
எனக்கு ஐந்நூறு இல்லையே என்றார்,
ஏதோ நட்டப்பட்ட குரலில்.
யாரோ நகர்ந்து வந்ததில்
என் தோளில் மீன் ஈரம் பட்டது.

இஞ்சின் பிடித்துக்கொண்டது.
அட்டைகள் கைப்பைக்குள் போயின,
எலும்புகள் உறைக்குள்.

குருமண்வெளியில் இறங்கும்போது
நேசம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.
“வாற செவ்வாய் வீட்டிலதான் இருப்பன் புள்ள.
ஒளிக்க மாட்டன்.”

காசு இருக்கும் என்று
அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.